தீப்பொறி பறக்காத வெட்டு: காங்கேயம் வட்டாரத்தில் ஆக்ஸா பிளேடும் அதன் கைமுறையும்

காங்கேயம் வட்டாரத்தில் இரும்பும் குழாயும் அறுபடாத நாள் கிடையாது. அரிசி ஆலையில் தேய்ந்த ஷாஃப்டுக்கு மாற்று ராடு அறுக்க வேண்டும். எண்ணெய் ஆலையில் நீராவிக் குழாய் ஒழுகினால் கெட்ட துண்டை அறுத்தெடுத்துப் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். தென்னந்தோப்பில் சொட்டுநீருக்கு பிவிசி பைப், கிணற்றிலும் போரிலும் ஜிஐ பைப், விசைத்தறிக் கூடத்தில் ஆங்கிள், பனியன் கம்பெனியில் மின்கம்பி ஓடும் கண்டியூட் பைப் என்று எந்த வேலையை எடுத்தாலும் முதல் காரியம் அளவுக்கு அறுப்பதுதான். இதற்கெல்லாம் நெடுங்காலம் கைகொடுத்தது ஆக்ஸா பிளேடு.

கையில் பிடிக்கும் கட்டிங் மெஷின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, பட்டறைச் சுவரில் ஆக்ஸா ஃபிரேம் தொங்குகிறது. அதை முறையாகப் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. கரண்ட் இல்லாதபோது மட்டும் எடுக்கும் கருவியாக அது சுருங்கிவிட்டது. அப்போதும் அவசரமாக இழுக்கிறார்கள். பிளேடு கோணலாக ஓடுகிறது, பல் உதிர்கிறது, கடைசியில் முறிகிறது. பழி பிளேடின் மேல் விழுகிறது.

ஆக்ஸாவை நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்பதை முழுமையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இரண்டு முடிவுகளை முன்வைக்கிறேன். முதலாவது, பஞ்சும் உமியும் கொப்பரையும் குவிந்து கிடக்கும் இந்த வட்டாரத்தில் பல இடங்களுக்கு ஆக்ஸாதான் முதல் கருவி. மெஷினுக்கு மாற்றாக அதை நினைப்பது தவறு. இரண்டாவது, நல்ல வெட்டு கைபலத்தால் வருவதில்லை. பல், இறுக்கம், வேகம் ஆகிய மூன்றையும் சரியாகத் தேர்ந்தால் சாதாரண உடல்வாகு உள்ளவரும் நேராக, பிசிறில்லாமல் அறுக்கலாம்.

தூசியும் எண்ணெயும் நிறைந்த ஊர்

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் விலையை வைத்துப் பிற ஊர் வியாபாரிகள் கணக்குப் போடும் அளவுக்கு இங்கே கொப்பரைத் தொழில் பெரியது. உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும் சாலைக்கு இருபுறமும் நிற்கின்றன. கொஞ்ச தூரம் போனால் வெள்ளகோவில், பல்லடம் பக்கம் விசைத்தறிகள். அதற்கு மேல் திருப்பூரின் பின்னலாடைக் கூடங்கள்.

கொப்பரை, அரிசி, பஞ்சு என்ற இந்த மூன்று தொழில்களுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. நன்கு உலர்ந்த கொப்பரையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். உமித்தூசியும் தவிட்டுத் தூசியும் காற்றில் அடர்த்தியாக மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். பஞ்சு இன்னும் மோசம். மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனன்று, வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு தீயாக எழும்.

நான்கு அங்குலக் கட்டிங் மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. அதன் சக்கரத்திலிருந்து தெறிக்கும் பொறிகள் பல அடி தூரம் பறந்து, மெஷின்களின் இடுக்கிலும் தரைப் பிளவிலும் போய் விழுகின்றன. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி, பற்றவைப்பும் பொறி பறக்கும் வெட்டும் நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது, அல்லது அதை மூடிக் காக்க வேண்டும் என்கிறது. ஒரு விசைத்தறிக் கூடத்தில் 35 அடி என்பது கூடத்தின் பெரும்பகுதி. அங்கே அந்த இடைவெளிக்கு எங்கே போவது?

நம் நாட்டுச் சட்டத்திலும் இது பேசப்பட்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, வெடிக்கக்கூடிய தூசி எழும் இடங்களில் தூசி சேராமல் தடுக்கவும், தீ மூட்டக்கூடிய காரணங்களை விலக்கி வைக்கவும் சொன்னது. எரியக்கூடிய பொருள் இருக்கும் அல்லது முன்பு இருந்த தொட்டியையும் கலனையும், அந்தப் பொருளையும் ஆவியையும் அகற்ற வழி செய்யாமல், வெப்பம் கொண்டு பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது என்றும் அதே பிரிவு தடுத்தது.

ஓடும் ஆலைக்குள் ஒரு ஆங்கிளையோ குழாயையோ கழற்ற முடியாமல் அந்த இடத்திலேயே அறுக்க நேரும்போது, ஆக்ஸா இதனால்தான் முதலிடம் பெறுகிறது. அதன் வெட்டிலிருந்து விழுவது சிறு சீவல். பொறி மழை இல்லை. ஆனால் ஆக்ஸா கையில் இருக்கிறது என்பதற்காக மூடிய எண்ணெய்த் தொட்டியையோ ஆவி தங்கிய கலனையோ தொட்டுவிடக் கூடாது. அவற்றை முதலில் காலி செய்து, கழுவி, காற்றோட்டம் கொடுத்தாக வேண்டும்.

பிளேடு எப்படி அறுக்கிறது

கை ஆக்ஸா பிளேடின் நீளத்தை இரு முனைத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கிறார்கள். 250 மி.மீ., 300 மி.மீ. இரண்டும் வழக்கம், நம் கடைகளில் பெரும்பாலும் 300, அதாவது 12 அங்குலம். அகலம் அரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். தடிப்பு சுமார் 0.65 மி.மீ.தான். இவ்வளவு மெல்லிய தகடு இரும்பை அறுக்கிறது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பற்களின் சாய்வு. பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பல் விளிம்பை மேலிருந்து பாருங்கள். பற்கள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. பெரிய பல் பிளேடில் ஒன்று இடமும் ஒன்று வலமுமாக மாறி மாறிச் சாய்ந்திருக்கும். சிறிய பல் பிளேடில் விளிம்பு முழுவதும் அலையலையாக வளைந்து போகும். இந்தச் சாய்வால் வெட்டின் அகலம் தகட்டின் தடிப்பைவிடக் கூடுகிறது. பிளேடு உள்ளே சிக்காமல் ஓடுகிறது. பல் மழுங்க மழுங்கச் சாய்வும் தேய்ந்து வெட்டு குறுகும். பாதி வெட்டில் பழைய பிளேடு போய்விட்டால், புது பிளேடை அதே தடத்தில் செருகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். குறுகிய தடத்தில் புதுப் பல் இறுகிக்கொள்ளும், பக்கவாட்டுச் சாய்வு உடனே தேயும், அல்லது பிளேடு முறியும். துண்டைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாக வெட்டி வந்து பழைய வெட்டோடு சேர்ப்பதுதான் வழி.

இரண்டாவது, எஃகின் வகை. சாதாரணக் கார்பன் எஃகு பிளேடு விலை குறைவு. ஆனால் சூடு ஏறினால் பல்லின் கடினம் போய்விடும். ஹை ஸ்பீடு ஸ்டீல் பிளேடு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரையிலும் கடினத்தைக் காக்கும். உடல் முழுவதும் கடினமாக்கிய பிளேடு நேராக வெட்டும், வளைத்தால் ஒடியும். பல் மட்டும் கடினமாக்கிய வளையும் வகை, குனிந்தும் படுத்தும் அறுக்கும் இடங்களுக்கு ஏற்றது. பைமெட்டல் பிளேடில் ஹை ஸ்பீடு ஸ்டீல் பல் விளிம்பை வளைந்து கொடுக்கும் எஃகு முதுகோடு இணைத்திருப்பார்கள். விலை அதிகம்தான். ஆனால் உடையாமல் தேயும் வரை உழைக்கும் என்பதால், கை பழகாதவர்கள் இருக்கும் ஆலைக்கு அதுவே முடிவில் லாபம்.

பல் கணக்கு

ஹார்டுவேர் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்: “ஏனுங்ண்ணா, ஆக்ஸா பிளேடு ரெண்டு குடுங்க.” எந்தப் பல் என்று வாங்குகிறவர் சொல்வதில்லை, விற்கிறவரும் கேட்பதில்லை. பாதி சிக்கல் அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பிளேடின் மேல் அளவோடு 14, 18, 24, 32 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு அங்குலத்தில் அத்தனை பற்கள் என்று பொருள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே முறையே சுமார் 1.8, 1.4, 1.0, 0.8 மி.மீ. இருக்கும். ஐடிஐ ஃபிட்டர் பாடத்திலும், ஆக்ஸா பிளேடுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 2594-இலும் இந்த அளவுகளைப் பார்க்கலாம்.

தேர்வுக்கு அடிப்படை ஒரே விதி: வெட்டும்போது குறைந்தது மூன்று பற்களாவது எப்போதும் பொருளின் மேல் இருக்க வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே பொருளின் விளிம்பு விழுந்துவிட்டால், அடுத்த பல் அதில் மோதி உதிரும். ஒன்று உதிர்ந்தால் அதன் பின்னால் வரும் பல்லின் மேல் சுமை கூடி அதுவும் போகும். கொஞ்ச நேரத்தில் பிளேடின் நடுவே வழுக்கையாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 பல் பிளேடுக்கு 2.4 மி.மீ., 24-க்கு 3 மி.மீ., 18-க்குச் சுமார் 4.2 மி.மீ., 14-க்கு 5.4 மி.மீ. தடிப்பாவது இருந்தால் பாதுகாப்பு. 25 மி.மீ. ஜிஐ பைப்பை எடுத்துக்கொள்வோம். லைட் வகுப்பில் சுவர் 2.6 மி.மீ., மீடியத்தில் 3.2, ஹெவியில் 4 மி.மீ. லைட் பைப்புக்கு 32-ஐயும், மீடியத்துக்கும் ஹெவிக்கும் 24-ஐயும் எடுக்கலாம். அதே பைப்பில் 14 பல் பிளேடை ஓட்டினால் பல் உதிராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 40 மி.மீ. உருண்டை ராடை 32 பல் பிளேடால் அறுத்தால், பற்களுக்கு நடுவே சீவல் தங்க இடம் போதாது. அது அடைத்துக்கொள்ளும், பிளேடு வழுக்கும், சூடாகும், வெட்டு நகராது. தடித்த பொருளுக்கும் அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்துக்கும் பெரிய பல், மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும் சிறிய பல் என்பது இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துக் கிடைக்கும் விதி.

மாட்டுவதும் இறுக்குவதும்

பல்லின் முனை கைப்பிடிக்கு எதிர்த்திசையில் பார்க்க வேண்டும். முன்னே தள்ளும்போதுதான் வெட்டு விழ வேண்டும். அப்போதுதான் உடல் எடை உதவும். மெல்லிய தகட்டைத் தள்ளினால் அது வளையும் என்பதால்தான் ஃபிரேமில் இழுத்துக் கட்டுகிறோம். கம்பி இழுக்கும் எலெக்ட்ரீஷியன்கள் ஃபிரேம் இல்லாமல் வெறும் பிளேடில் துணி சுற்றி கண்டியூட் பைப்பை அறுப்பதை எங்கும் பார்க்கலாம். அப்படி அறுக்க நேர்ந்தால், இழுக்கும்போது வெட்டும்படி பல்லைத் தன் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். இழுக்கும் தகடு மடங்காது.

விங் நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள், பிளையர் வேண்டாம். இறுக்கம் போதாவிட்டால் பிளேடு நெளிந்து கோணலாக ஓடும். மிஞ்சினால் துளையருகே முறியும். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சில இழுப்புக்குப் பின் பிளேடு சூடேறிக் கொஞ்சம் நீளும். அப்போது இன்னொரு முறை லேசாகத் திருகிக்கொள்வது பழைய ஃபிட்டர்களின் வழக்கம்; இன்றைக்கும் தேவையான வழக்கம்.

கை, கால், வேகம்

வைஸின் மேல்விளிம்பு, நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு இருந்தால் தோள் வலிக்காது. வலக்கைக்காரர் இடக்காலைக் கொஞ்சம் முன்னே வைத்து நிற்க வேண்டும். வெட்டும் கோடு வைஸ் தாடைக்கு அருகில் இருக்கட்டும். தூரத்தில் இருந்தால் துண்டு அதிரும். அதிர்ந்தால் பல் போகும். கோட்டின் மேலேயே வெட்டாமல், கழிவுப் பக்கம் ஒட்டினாற்போல் வெட்டினால் அரம் போட்டுச் சரிசெய்ய இடம் கிடைக்கும்.

தொடங்கும் இடத்தில் முக்கோண அரத்தால் சிறு பள்ளம் போட்டால் பிளேடு வழுக்காது. முதல் சில இழுப்பு மெதுவாக, அழுத்தமில்லாமல். பிறகு முன்னே போகும்போது அழுத்தம், திரும்பும்போது தளர்வு. பின்னிழுப்பில் அழுத்தினால் வெட்டு விழாது, பல்தான் தேயும். பிளேடின் முழு நீளமும் ஓட வேண்டும். நடுவில் நாலங்குலத்தை மட்டும் ஓட்டுகிறவர் பிளேடின் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியாகத் தூக்கிப் போடுகிறார்.

நிமிடத்துக்கு 40 முதல் 50 இழுப்பு போதும். ஒரு இழுப்பில் கால் மீட்டர் ஓடினால், 50 இழுப்பில் 12.5 மீட்டர் வெட்டு வேகம் கிடைக்கிறது. கார்பன் எஃகு பல்லுக்கு அதுவே போதும். நூறு இழுப்பு இழுத்தால் வேலை இரண்டு மடங்கு ஆகாது. பல் கடிக்க நேரமில்லாமல் உரசிப் போகும், உரசல் சூடாகும், சூட்டில் பல் மழுங்கும், மழுங்கிய பல்லுக்கு இன்னும் பலம் வேண்டும். வேர்த்துக் கொட்டி, பிளேடும் போய், வெட்டும் கோணிப் போவது இப்படித்தான். வெட்டு முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்து, விழப்போகும் துண்டை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். கை முட்டியில் காயம் படுவது அந்தக் கடைசி இழுப்பில்தான்.

பொருளுக்கு ஏற்ற முறை

ஜிஐ பைப்பில் நுணுக்கம் நடுவில் இருக்கிறது. மேலே தொடங்கும்போது பிளேடு சுவரின் நீண்ட வளைவைத் தொடுகிறது. பல பற்கள் பொருளில் இருக்கின்றன. உள்துளை திறந்ததும் நிலைமை மாறுகிறது. இப்போது பிளேடு இரண்டு பக்கச் சுவர்களின் தடிப்பை மட்டுமே தொடுகிறது. அதுவரை சீராகக் கேட்ட ஒலி கரகரப்பாக மாறும். பல் உதிர்வது இந்த இடத்தில்தான். உள்துளை திறந்தவுடன் பைப்பைக் கொஞ்சம் சுழற்றி அடுத்த பகுதியைத் தொடங்கி, இப்படியே சுற்றி வந்தால் பிளேடு எப்போதும் நல்ல அளவு உலோகத்தின் மேல் ஓடும். கடைசியில் உள்விளிம்புப் பிசிறை வட்ட அரத்தால் எடுத்துவிட வேண்டும். போருக்கு இறங்கும் பைப்பில் அந்தப் பிசிறு நீரோட்டத்தைத் தடுக்கும். மரை போடும்போது டையையும் கெடுக்கும்.

பிவிசி பைப்பை அறுப்பது சுலபம் என்பதாலேயே அதில் கவனம் குறைகிறது. வேகமாக இழுத்தால் பிளாஸ்டிக் இளகி வெட்டில் ஒட்டும். வெட்டு சதுரமாக இல்லாவிட்டால் சாக்கெட்டுக்குள் ஒரு பக்கம் குறைவாகப் போய் பசை பிடிக்கும் பரப்பு குறையும், பின்னால் ஒழுகும். பைப்பைச் சுற்றி ஒரு தாளை விளிம்பு ஒட்டினாற்போல் சுற்றி அதன்படி கோடு போட்டால் சதுரம் தவறாது. சொட்டுநீர் போடுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அறுத்த தூள் பைப்புக்குள் விழுந்தால் சொட்டுவாயில் போய் அடைக்கும். இறுதி மூடியைப் போடும் முன் தண்ணீரை முழு வேகத்தில் விட்டுக் குழாயைக் கழுவித்தான் லைனை மூட வேண்டும். மரத்துக்குத் தண்ணீர் போகவில்லை என்று பின்னால் ஒவ்வொரு சொட்டுவாயாகக் குத்திப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆங்கிளை, அகலமான பக்கத்தின் மேல் பிளேடு ஓடும்படி வைத்து வெட்டுங்கள். குறுகிய விளிம்பைக் குறுக்கே கடித்தால் பல் போகும். மெல்லிய தகட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கி மரத்தோடு சேர்த்தே அறுத்தால் அதிராது, மடங்காது. நீளமான துண்டைக் கீறி எடுக்கும்போது ஃபிரேம் இடித்தால், பிளேடைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

எவர்சில்வர் குழாயில் லேசான உரசல்தான் எதிரி. கடிக்காமல் உரசினால் அதன் மேற்பரப்பு இறுகிக் கடினமாகிவிடும். பிறகு எந்தப் பல்லும் இறங்காது. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு தள்ளலிலும் உறுதியாக அழுத்தி, எண்ணெய் விட்டு, நல்ல பிளேடால் அறுக்க வேண்டும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், அதன் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவினால் பல்லில் ஒட்டாது.

மெஷினோடு ஒப்பிட்டால்

ஒரு நாளில் ஐம்பது ஆங்கிள் வெட்ட வேண்டிய பட்டறைக்குக் கட் ஆஃப் மெஷினோ பேண்ட் சா மெஷினோதான் சரி. அங்கே கையால் அறுப்பது மனித உழைப்பை வீணாக்குவது. திறந்த வெளியில், எரிபொருள் அருகில் இல்லாத இடத்தில், கையில் பிடிக்கும் மெஷின் நல்ல கருவி.

ஆனால் ஒரே ஒரு வெட்டு வேண்டிய இடத்தில் கணக்கு வேறு. மெஷினை எடுத்து, ஒயர் இழுத்து, கண்ணாடி போட்டு, சுற்றியுள்ள பஞ்சையும் சாக்கையும் அகற்றி, தண்ணீர் வாளி வைத்து, வெட்டிய பிறகும் ஒருவரைக் காவல் நிறுத்துவது வரை சேர்த்தால்தான் அது முழு வேலை. இவற்றைச் செய்யாமல் வெட்டுவதைத்தான் வேகம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெட்டின் தரத்திலும் வித்தியாசம் உண்டு. துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மெஷின் சூட்டில் ஜிஐ பைப்பின் விளிம்பில் அந்தப் பூச்சு கருகி, துரு அங்கிருந்தே தொடங்கும். ஆக்ஸா வெட்டில் முகப்பு மட்டுமே திறந்திருக்கும். பக்கப் பூச்சு அப்படியே நிற்கும்.

இனி செய்ய வேண்டியது

ஐடிஐ ஃபிட்டர் பயிற்சியில் முதல் வாரங்களிலேயே கோடு போடுவது, அரம் பிடிப்பது, ஆக்ஸா பிடிப்பது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் இதற்கான பாடநூல்களை வெளியிடுகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காங்கேயத்து ஆலைகளில் குழாயும் கம்பியும் அறுக்கிறவர்களில் பலர் ஐடிஐ வாசலை மிதித்தவர்கள் அல்லர்; அண்ணன் செய்வதைப் பார்த்துத் தம்பி பழகியவர்கள். அண்ணனே மெஷினுக்கு மாறிவிட்டால் தம்பிக்குக் கைமுறை வந்து சேராது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. ஹார்டுவேர் கடைக்காரர் “எந்தப் பல்லுங்க?” என்று கேட்கத் தொடங்கலாம். ஆலை முதலாளி ஸ்டோரில் 18, 24, 32 என மூன்று வகை பிளேடையும் தனித்தனியாக வைத்து, எது எதற்கு என்று தமிழில் ஒரு அட்டை தொங்கவிடலாம். பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர், பஞ்சும் தூசியும் உள்ள கூடத்துக்குள் அனுமதி இல்லாமல் கட்டிங் மெஷின் நுழையக் கூடாது என்று விதி வைத்து, உள்ளே செய்யும் சிறு வெட்டுகளுக்கு ஆக்ஸாவையே கொடுக்கலாம். புதிதாக வரும் பையனை முதல் நாளே வைஸ் முன் நிறுத்தி, நிமிடத்துக்கு நாற்பது இழுப்பு என்று எண்ணிச் சொல்லிப் பழக்கலாம்.

பிளேடின் விலை சில பத்து ரூபாய்தான். ஆனால் தவறான பல்லும் அவசரக் கையும் சேர்ந்தால், நாலு பிளேடும் பாதி நாளும் போய், “இதெல்லாம் ஆகாது, மெஷினை எடு” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த முடிவு பஞ்சுக் கூடத்தில் எடுக்கப்படும்போதுதான் ஆபத்து. ஆக்ஸா பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது இந்த வட்டாரத்தில் தீத்தடுப்பின் ஒரு பகுதி. அதற்குரிய இடத்தை ஆலைகளும் பட்டறைகளும் பயிற்சி நிலையங்களும் கொடுத்தாக வேண்டும்.